ஒன்பது மொழிகளில் ஒரே வரி: ஒரு பேரரசின் இராணுவம் எப்படி ஒன்றாக நின்றது, எப்படிக் கலைந்தது?

அம்மம்மாவின் றங்குப்பெட்டிக்குள் ஒரு செஞ்சிலுவைக் கடிதம் இருக்கிறது. தொண்ணூறுகளில், பாதை பூட்டியிருந்த காலத்தில், வன்னியிலிருந்து மாமா யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியது. குடும்பச் செய்தி மட்டும்தான் எழுதலாம் என்பது அந்தக் கடிதங்களின் விதி. மாமா எழுதியது மூன்றே வரி: "நாங்கள் சுகம். பிள்ளையள் பள்ளிக்கூடம் போகினம். ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாம்." அதை எழுதும்போது அவர்கள் மூன்றாவது தடவையாக இடம்பெயர்ந்து மரத்தடியில் இருந்தார்கள் என்பது பல வருடங்களுக்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஊடகக் கற்கை படித்த காலத்தில், போர்க்காலத் தணிக்கை பற்றிய ஒரு பாடத்துக்காகத் தேடிக்கொண்டிருந்தபோது, முதலாம் உலகப் போரின் ஒரு தபாலட்டையின் படத்தைக் கண்டேன். ஒஸ்ரிய-ஹங்கேரிப் பேரரசின் இராணுவம் தன் சிப்பாய்களுக்குக் கொடுத்த அட்டை அது. 'நான் சுகமாக இருக்கிறேன், எல்லாம் நன்றாக இருக்கிறது' என்ற பொருள்படும் ஒரே வரி அதில் ஒன்பது மொழிகளில் அச்சிடப்பட்டிருந்தது. அதற்கு மேல் எதுவும் எழுதக்கூடாது என்ற எச்சரிக்கையும் ஒன்பது மொழிகளில் இருந்தது. முகவரியை மட்டும் எழுதி அனுப்ப வேண்டியதுதான்.

மாமாவின் கடிதம் உடனே நினைவுக்கு வந்தது. அதோடு ஒரு கேள்வியும் வந்தது. சுகம் சொல்லவே ஒன்பது மொழி தேவைப்பட்ட ஒரு இராணுவம் 'சுடு' என்று எந்த மொழியில் கட்டளையிட்டது? அத்தனை இனங்களைக் கொண்ட ஒரு படை நான்கு வருடங்களுக்கு மேல் எப்படி ஒன்றாக நின்று போரிட்டது? பிறகு ஏன் சில நாட்களுக்குள் கலைந்துபோனது? இந்தக் கட்டுரை அந்தக் கேள்விகளுக்கு நான் தேடிக்கொண்ட விடை.

நூறு பேரில் பாதிகூட ஒரு மொழி இல்லை

1867இல் செய்யப்பட்ட உடன்பாட்டுக்குப் பிறகு ஹப்ஸ்பேர்க் பேரரசு இரண்டு அரசுகளாக இயங்கியது. ஒன்று ஒஸ்ரியா, மற்றையது ஹங்கேரி. இரண்டுக்கும் ஒரே மன்னர்: 1848 முதல் 1916 வரை ஆண்ட பிரான்ஸ் ஜோசப். ஐந்து கோடிக்கும் மேற்பட்ட மக்கள் அதற்குள் வாழ்ந்தார்கள். எந்த ஒரு இனமும் பேரரசு முழுவதிலும் பெரும்பான்மையாக இருக்கவில்லை.

போர் தொடங்குவதற்குச் சற்று முன்பு இந்த இராணுவத்தில் நூறு சிப்பாய்களை வரிசையில் நிறுத்தினால், அவர்களில் ஏறத்தாழ 25 பேர் ஜேர்மன் மொழியினர். 23 பேர் ஹங்கேரியர், 13 பேர் செக் இனத்தவர், 9 பேர் சேர்பியரும் குரோஷியரும். போலந்தியர் 8, இன்று உக்ரேனியர் என அழைக்கப்படும் ருத்தேனியர் 8, ருமேனியர் 7, ஸ்லோவாக்கியர் 4, ஸ்லோவேனியர் 2, இத்தாலியர் 1. மதத்தை எடுத்துக்கொண்டால் கத்தோலிக்கர், ஓர்த்தடொக்ஸ் கிறிஸ்தவர், புரட்டஸ்தாந்தினர், யூதர், முஸ்லிம்கள் எல்லோரும் இருந்தார்கள். பொஸ்னியாவின் படைப்பிரிவுகள் துருக்கித் தொப்பி அணிந்தன. அவற்றோடு இமாம்கள் சென்றார்கள். யூதச் சிப்பாய்களுக்கு ரபாய்கள் இருந்தார்கள்.

அமைப்பும் ஒன்றல்ல, மூன்று. பேரரசு முழுவதற்கும் பொதுவான இராணுவம் ஒன்று. ஒஸ்ரியப் பகுதிக்கு 'லாண்ட்வேர்' என்ற படை. ஹங்கேரிக்கு 'ஹொன்வேட்' என்ற படை. பொது இராணுவத்தில் கட்டளை ஜேர்மன் மொழியில். ஹொன்வேட்டில் ஹங்கேரிய மொழியில். அதற்குள்ளும் குரோஷியப் பிரிவுகளுக்குக் குரோஷிய மொழியில். இந்த ஏற்பாட்டோடு நிற்காமல் ஹங்கேரிய அரசியல்வாதிகள் வியன்னாவோடு மல்லுக்கட்டினார்கள். பொது இராணுவத்திலும் ஹங்கேரிய மொழியில் கட்டளை வேண்டும் என்று அவர்கள் கேட்டபோது மன்னர் மறுத்துவிட்டார். தன் பேரரசு என்ன பாடுபட்டாலும் இராணுவம் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

எண்பது சொற்களும் ஒரு விதியும்

பொது இராணுவத்தில் மொழி மூன்று அடுக்காக ஒழுங்குபடுத்தப்பட்டிருந்தது.

முதலாவது, கட்டளை மொழி. 'நில்', 'நட', 'சுடு' போன்ற ஏறத்தாழ எண்பது ஜேர்மன் சொற்கள். எந்த ஊரிலிருந்து வந்தவனும் இவற்றை மனனம் செய்ய வேண்டும். இரண்டாவது, சேவை மொழி. படைப்பிரிவுகளுக்கு இடையிலான கடிதங்கள், அறிக்கைகள் எல்லாம் ஜேர்மனில்.

மூன்றாவதுதான் முக்கியமானது: றெஜிமென்ட் மொழி. ஒரு றெஜிமென்டில் ஐந்தில் ஒரு பங்கினர், அதாவது 20 வீதம் பேர், ஒரு மொழியைப் பேசினால் அது அந்த றெஜிமென்டின் மொழிகளில் ஒன்றாகிவிடும். பயிற்சி, விளக்கம், முறைப்பாடு எல்லாம் அந்த மொழியில் நடக்க வேண்டும். அங்கே பணிக்கு வரும் அதிகாரி மூன்று வருடங்களுக்குள் அந்த மொழியைக் கற்றுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அவரது பதவி உயர்வு பாதிக்கப்படும்.

அதாவது, சாதாரண சிப்பாய் மேலிடத்தின் மொழியில் எண்பது சொற்களைக் கற்றால் போதும். அதிகாரிதான் சிப்பாயின் மொழியைக் கற்க வேண்டும். ஒரே மொழியில் இயங்கிய றெஜிமென்டுகள் பாதிக்கும் குறைவு. பலவற்றில் இரண்டு மொழிகள், சிலவற்றில் மூன்று. ஒரு கப்டன் தன் பணிக்காலத்தில் செக், போலந்து, ருமேனிய மொழிகளை அடுத்தடுத்துக் கற்க நேர்ந்தது சாதாரணம்.

இதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதிகாரிகளில் மிகப் பெரும்பாலானோர் ஜேர்மன் மொழியினராகவே இருந்தார்கள். பலர் கற்றது அரைகுறை. ஹங்கேரி அரசு தன் எல்லைக்குள் இருந்த ஸ்லோவாக்கியர், ருமேனியர் பிள்ளைகளைப் பாடசாலைகளில் ஹங்கேரியராக்க முயன்றுகொண்டிருந்த காலமும் இதுவே. ஆனால் இராணுவத்துக்கு நடைமுறைத் தேவை ஒன்று இருந்தது. தனக்குச் சொல்லப்படுவது விளங்காத சிப்பாயை வைத்துப் போரிட முடியாது. தன் குறையை விளங்கிக்கொள்ள ஆளில்லாத சிப்பாய் கனநாள் பொறுக்கமாட்டான். அந்தத் தேவைதான் விதியாக மாறியது.

1914: மொழி தெரிந்தவர்கள் முதலில் இறந்தார்கள்

1914 ஜூலை இறுதியில் போர் தொடங்கியபோது, செக் பகுதிகளில் ஆட்கள் சேரமாட்டார்கள் என்ற அச்சம் வியன்னாவில் இருந்தது. அப்படி எதுவும் நடக்கவில்லை. எல்லா இனத்தவரும் அழைப்பாணையை ஏற்று வந்தார்கள். உற்சாகத்தோடு வந்தவர்கள் குறைவு, கடமை என்று வந்தவர்கள் அதிகம். ஆனாலும் வந்தார்கள்.

பிறகு நடந்தது பேரழிவு. இராணுவத் தலைமை அதிகாரி கொன்ராட் பொன் ஹொற்சென்டோர்ப், சேர்பியாவுக்கு எதிராகவும் ரஷ்யாவுக்கு எதிராகவும் ஒரே நேரத்தில் போரிடப் படைகளைப் பிரித்தார். இரு முனைகளிலும் போதிய படை இருக்கவில்லை. செப்ரெம்பர் தொடக்கத்தில் கலீசியாவின் தலைநகர் லெம்பேர்க், இன்றைய உக்ரேனின் லிவிவ், ரஷ்யர்களின் கையில் விழுந்தது. அதன்பின் அவர் 1915 பனிக்காலத்தில் கார்பாத்தியன் மலைகளின் மேலே படைகளை ஏற்றினார். குண்டுக்கு இரையானவர்களோடு குளிரில் விறைத்து இறந்தவர்களும் ஏராளம். 1915 மார்ச் 22ஆம் திகதி பிஷெமிசில் கோட்டை சரணடைந்தபோது மட்டும் ஏறக்குறைய 1 இலட்சத்து 20 ஆயிரம் பேர் கைதானார்கள்.

இந்த இழப்புகளில் எண்ணிக்கையில் தெரியாத ஓர் இழப்பு இருந்தது. போருக்கு முன்பு வருடக்கணக்கில் தம் சிப்பாய்களின் மொழியைக் கற்றிருந்த நிரந்தர அதிகாரிகள் முதல் மாதங்களிலேயே பெருமளவில் இறந்தார்கள், காயமடைந்தார்கள், சிறைப்பட்டார்கள். அவர்களின் இடத்துக்கு அவசரமாகப் பயிற்றப்பட்ட இளைஞர்கள் வந்தார்கள். படித்த நடுத்தர வர்க்கப் பிள்ளைகள். தம் றெஜிமென்டின் மொழி பலருக்குத் தெரியாது. மூன்று வருட அவகாசம் போர்முனையில் யாருக்கும் இல்லை. எண்பது சொற்களால் ஒருவனை முன்னோக்கி அனுப்பலாம். அவன் ஏன் அழுகிறான் என்று கேட்க முடியாது.

28ஆவது றெஜிமென்டுக்கு நடந்தது

இந்தப் போரை வாசிக்கும்போது என்னை அதிகம் நிறுத்திவைத்தது பிராக் நகரத்தின் 28ஆவது காலாட்படை றெஜிமென்டின் கதை.

1915 ஏப்ரல் 3ஆம் திகதி, இன்றைய ஸ்லோவாக்கியாவின் வடக்கே ஸ்டெப்னிக்கா ஹூட்டா என்ற சிறு கிராமத்துக்கு அருகில், கார்பாத்தியன் போரில் களைத்துப்போயிருந்த இந்த றெஜிமென்டை ரஷ்யப் படைகள் திடீரெனத் தாக்கின. றெஜிமென்டின் பெரும்பகுதி சிறைப்பட்டது. உடனே ஒரு கதை பரவியது: செக் சிப்பாய்கள் ஒரு வெடிகூடத் தீர்க்காமல், முழு றெஜிமென்டாக எதிரியிடம் போய்விட்டார்கள். வாத்திய இசையோடு அணிவகுத்துப் போனதாகக்கூடச் சொன்னார்கள். அந்த மாதமே மன்னரின் கட்டளையால் றெஜிமென்ட் கலைக்கப்பட்டது.

பிற்கால வரலாற்றாய்வாளர்கள் இராணுவ ஆவணங்களை எடுத்து ஆராய்ந்தபோது வேறொரு படம் தெரிந்தது. களைத்த, ஆட்குறைந்த, மோசமான இடத்தில் நிறுத்தப்பட்ட ஒரு படைப்பிரிவு. தன்னிலும் பலமான எதிரி. திட்டமிட்ட துரோகத்துக்குச் சான்று இல்லை. அதே நாட்களில் அதே மலைகளில் வேறு இனங்களின் படைப்பிரிவுகளும் இதேபோலச் சிதறின. ஆனால் அவை சிதறியபோது அது தோல்வி எனப்பட்டது. செக் றெஜிமென்ட் சிதறியபோது அது துரோகம் எனப்பட்டது.

பனிமலையில் பல இலட்சம் பேரை இழந்த தளபதிகளுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. 'எங்கள் திட்டம் பிழை' என்பதைவிட 'அந்த இனம் நம்பத்தகாதது' என்பது அவர்களுக்கு வசதியாக இருந்தது.

இதன் இரண்டாவது பகுதிதான் இன்னும் கசப்பானது. 1918இல் செக்கோஸ்லோவாக்கியா தனிநாடானது. புதிய நாட்டின் தேசியவாதிகளும் அதே கதையைக் கையிலெடுத்தார்கள். தளபதிகள் துரோகம் என்றதை இவர்கள் வீரம் என்றார்கள். முழு றெஜிமென்டும் விடுதலைக்காக மனமுவந்து போனதாகக் கொண்டாடினார்கள். இரு தரப்புக்கும் ஒரே பொய் தேவைப்பட்டது. குளிரில், பசியில், என்ன நடக்கிறதென்று தெரியாமல் கைகளை உயர்த்திய பிராக் நகரத்துப் பிள்ளைகளின் உண்மைக்கு இரண்டு கதைகளிலும் இடமிருக்கவில்லை.

உண்மையில் எதிர்த்தரப்பில் சேர்ந்த செக் படையினரும் இருந்தார்கள். 1917 ஜூலை 2ஆம் திகதி சபோரிவ் போரில் ரஷ்யாவின் பக்கம் ஏறத்தாழ 3,500 பேர் கொண்ட செக்கோஸ்லோவாக்கியப் படையணி போரிட்டது. எதிரே நின்ற ஒஸ்ரியப் படையிலும் பெரும்பாலும் செக் இனத்தவரைக் கொண்ட றெஜிமென்டுகள் இருந்தன. ஒரே மொழி பேசியவர்கள் இரு பக்கமும் நின்று சுட்டுக்கொண்டார்கள். ஆனால் ரஷ்யாவில் கைதிகளாயிருந்த செக், ஸ்லோவாக்கியர்களின் தொகை இரண்டு இலட்சத்துக்கும் அதிகம். அவர்களில் பெரும்பான்மையோர் அந்தப் படையில் சேரவில்லை. அவர்கள் விரும்பியது எந்தக் கொடியையும் அல்ல, வீட்டுக்குப் போவதை.

சந்தேகம் ஒரு கொள்கையானபோது

28ஆவது றெஜிமென்டின் கதை தனிச் சம்பவம் அல்ல. போரின் முதல் மாதங்களிலிருந்தே இராணுவம் தன் சொந்தக் குடிமக்களைச் சந்தேகிக்கத் தொடங்கியிருந்தது. கலீசியாவில் ருத்தேனியக் கிராமத்தவர்கள் ரஷ்யாவுக்கு ஆதரவானவர்கள் என்று குற்றஞ்சாட்டப்பட்டார்கள். அவசர நீதிமன்றங்களின் தீர்ப்பாலும், தீர்ப்பு எதுவுமின்றியும் பலர் தூக்கிலிடப்பட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் கிராட்ஸ் நகருக்கு அருகிலுள்ள தாலேர்ஹோப் முகாமில் அடைக்கப்பட்டார்கள். அங்கே நோயினாலும் குளிரினாலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிராக்கில் செக் தலைவர் கரேல் கிரமார்ஷ் 1915இல் கைதுசெய்யப்பட்டார். அடுத்த வருடம் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. புதிய மன்னர் கார்ல் 1917இல் மன்னிப்பளித்து விடுவித்தார்.

படைக்குள்ளும் சந்தேகமே நிர்வாகமாகியது. நம்பத்தகாதவை எனக் கருதப்பட்ட றெஜிமென்டுகளில் வேற்றினத்தவர் கலக்கப்பட்டார்கள். அவற்றின் ஆட்சேர்ப்பு நிலையங்கள் சொந்த ஊரிலிருந்து தூரத்துக்கு மாற்றப்பட்டன. செக் பகுதியின் 91ஆவது றெஜிமென்ட் அப்படி இடம்மாற்றப்பட்ட ஒன்று. அதில் சிப்பாயாக இருந்த யாரோஸ்லாவ் ஹஷேக்தான் பின்னாளில் 'நல்ல சிப்பாய் ஷ்வெய்க்' நாவலை எழுதினார்.

கலப்பதன் நோக்கம் ஒற்றுமை. விளைவு மறுபுறமாக இருந்தது. ஒரு மொழியில் இயங்கிய அணிக்குள் இப்போது மூன்று மொழி. மொழி தெரிந்த அதிகாரி இல்லை. ஊர்க்காரன் பக்கத்தில் இல்லை. 'உன்னை நம்பவில்லை' என்ற செய்தி மட்டும் எல்லா மொழியிலும் விளங்கியது.

இதற்கு நேரெதிரான சான்று இத்தாலிய முனையில் இருக்கிறது. 1915 மே மாதம் இத்தாலி போரில் இறங்கியது. அதற்கு முன் செய்யப்பட்ட இலண்டன் இரகசிய ஒப்பந்தத்தில், ஸ்லோவேனியரும் குரோஷியரும் வாழும் கரையோரப் பகுதிகள் இத்தாலிக்கு வாக்களிக்கப்பட்டிருந்தன. இசொன்சோ ஆற்றங்கரையில் இத்தாலி 11 தடவை தாக்கியது. அங்கே ஸ்லோவேனிய, குரோஷிய, பொஸ்னியப் படைகள் பின்வாங்காமல் நின்றன. கட்டளைத் தளபதி ஸ்வெதோசார் பொரோவிச், குரோஷியாவைச் சேர்ந்த ஓர்த்தடொக்ஸ் குடும்பத்தவர். வியன்னாவின் சந்தேகப் பட்டியலில் இருந்த ஸ்லாவிய இனத்தவர்தான் இவர்களும். தாம் எதற்காக நிற்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்களின் பின்னால் இருந்தது அவர்களுடைய சொந்த ஊர். விசுவாசம் இரத்தத்தில் ஊறிய குணம் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

பசியைச் சொல்லும் வழிகள்

கடைசியில் இந்தப் படையை உடைத்தது கொள்கையைவிடப் பசிதான். 1918 ஜனவரியில் ஒஸ்ரியாவில் மாப்பங்கீடு குறைக்கப்பட்டபோது பல இலட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெப்ரவரி 1ஆம் திகதி கொட்டோர் குடாவில் நின்ற கடற்படைக் கப்பல்களில் கலகம் வெடித்தது. அதில் ஈடுபட்டவர்கள் ஓர் இனத்தவர் அல்ல, பல இனத்தவர். கலகம் அடக்கப்பட்டு நான்கு பேர் சுடப்பட்டார்கள். ரஷ்யச் சிறைகளிலிருந்து திரும்பிய கைதிகளைத் துரோகிகளோ என்று விசாரித்து, சில வாரங்களில் மீண்டும் முனைக்கு அனுப்பினார்கள். மே மாதம் பொஹீமியாவின் ரும்பூர்க்கில் அப்படித் திரும்பியவர்கள் கலகம் செய்தார்கள்.

வியன்னாவின் தணிக்கை அலுவலகத்தில் அப்போது பணியாற்றியவர்களில் ஒருவர் மொழியியலாளர் லியோ ஸ்பிட்சர். இத்தாலியக் கைதிகளின் கடிதங்களை வாசிப்பது அவரது வேலை. பசியென்று எழுதினால் கடிதம் போகாது என்பது கைதிகளுக்குத் தெரியும். ஆகவே அவர்கள் பசியைச் சுற்றிவளைத்துச் சொல்ல எத்தனையோ வழிகளைக் கண்டுபிடித்தார்கள். அந்தச் சொல்லாடல்களைத் திரட்டிப் போருக்குப் பின் ஸ்பிட்சர் ஒரு நூலே எழுதினார். மாமாவின் மூன்று வரியை நான் இப்போது வேறுவிதமாக வாசிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

1918 ஒக்டோபர் 24ஆம் திகதி இத்தாலி இறுதித் தாக்குதலைத் தொடங்கியபோதுகூட, முதல் நாட்களில் இந்தப் படை கடுமையாக எதிர்த்து நின்றது. ஆனால் அவர்களின் முதுகுக்குப் பின்னால் நாடே இல்லாமற் போய்க்கொண்டிருந்தது. 28ஆம் திகதி பிராக்கில் தனிநாடு அறிவிக்கப்பட்டது. அடுத்த நாள் சாக்ரெப்பில் குரோஷியா பேரரசோடான உறவை அறுத்தது. ஹங்கேரி தன் படைகளை ஆயுதங்களைக் கீழே வைக்கச் சொன்னது. நவம்பர் 3ஆம் திகதி போர்நிறுத்தம் கையெழுத்தானபோது அது எப்போது நடைமுறைக்கு வருகிறது என்பதில் குழப்பம் ஏற்பட்டது. போர் முடிந்துவிட்டதென நம்பிச் சுடுவதை நிறுத்தியவர்கள் உட்பட 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இத்தாலியர்களிடம் கைதானார்கள். நான்கு வருடங்களில் திரட்டப்பட்ட ஏறத்தாழ 80 இலட்சம் பேரில் 10 இலட்சம் பேரளவில் இறந்துபோயிருந்தார்கள்.

பல இனம் இருந்ததால்தான் அந்த இராணுவம் உடைந்தது என்று நீண்டகாலம் எழுதினார்கள். நான் வாசித்தவரை, அது அவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்கு ஒரு காரணம், சிப்பாயின் மொழியை மேலிருப்பவன் கற்க வேண்டும் என்ற அந்தப் பழைய விதி. அந்த விதியை அறிந்தவர்கள் இறந்தபின் அதன் இடத்துக்குச் சந்தேகம் வந்தது. சோறும் இல்லாமற் போனது. மிச்சம் தானாக நடந்தது.

28ஆவது றெஜிமென்டின் பிள்ளைகளில் எவராவது அந்த ஒன்பது மொழி அட்டையைப் போன்ற ஒன்றைத் தாய்க்கு அனுப்பியிருந்தால், அந்தத் தாய் அதை எப்படி வாசித்திருப்பாள் என்று யோசிக்கிறேன். ஒரு பக்கம் தன் மகன் துரோகி என்றார்கள். பிறகு அவன் வீரன் என்றார்கள். அவனுக்குக் குளிர்ந்ததா, சாப்பிட்டானா என்று அவளைத் தவிர யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். மாமா உயிரோடு திரும்பி வந்தார். அந்தக் கடிதத்தை எழுதிய அன்று என்ன நடந்தது என்று அவரிடம் இன்னும் முழுதாகக் கேட்கவில்லை. வருகிற தைப்பொங்கலுக்குப் போகும்போது, கொப்பியையும் கொண்டுபோய்ப் பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும்.